பதினைந்து வேண்டாம், நான்கு போதும்

வாசகி கடிதம்: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில், தைத்த துணியில் குறை இருக்கிறதா என்று பார்க்கும் செக்கிங் வேலை பார்த்துவந்தேன். நாள் முழுக்க நின்றே வேலை செய்து இடுப்பு வலி வந்ததால் போன வருடம் நின்றுவிட்டேன். கணவர் பவர் டேபிள் டெய்லர், மின்சாரத் தையல் மெஷினில் தைப்பவர். மகன் எட்டாவது, மகள் ஐந்தாவது படிக்கிறார்கள். லைன் வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். இரண்டு அறை, ஒரு சமையலறை, முன்னால் சின்ன வாசல். மாமியாரும் எங்களோடுதான் இருக்கிறார். பக்கத்து வீடுகளிலிருந்து வேலைக்குப் போகும் பெண்கள் கேட்டதால் இரண்டு குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறேன். ஒரு குழந்தைக்கு நாளைக்கு 50 ரூபாய் தருகிறார்கள். இன்னும் பலர் கேட்கிறார்கள். 15 குழந்தைகள் சேர்ந்தால் கம்பெனிச் சம்பளத்தைவிட நன்றாக வரும் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். ‘ப்ளே ஸ்கூல்’ என்று போர்டு வைத்தால் இன்னும் கூடுதலாகக் கேட்கலாம் என்கிறான் என் தம்பி. மாமியாரோ, “ஊரான் பிள்ளைக்கு ஒன்று ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது?” என்று பயப்படுகிறார். லைசென்ஸ் வேண்டுமா? எப்படித் தொடங்குவது?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்.

அன்புள்ள சகோதரிக்கு,

இந்தத் தொழிலில் இறங்குகிறவர்கள் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியை உங்கள் மாமியார் கேட்டுவிட்டார். லைசென்ஸ், போர்டு, கட்டணம் எல்லாம் அதற்குப் பிறகுதான். குழந்தைக் காப்பகங்களை அமைத்துக் கொடுப்பதும், அங்கே வேலை செய்யும் பெண்களுக்குப் பயிற்சி அளிப்பதும் என் தொழில். நீங்கள் தாராளமாகத் தொடங்கலாம். ஆனால் 15 குழந்தைகள் வேண்டாம். இப்போது வரும் இரண்டு பேரையும் சேர்த்து நான்கு பேர் போதும்.

15 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்தேன். நாளைக்கு 50 ரூபாய், வாரத்துக்கு ஆறு நாள் என்றால் ஒரு குழந்தைக்கு 300. இரண்டு பேருக்கு 600. அந்த 600-ல் ஒன்றும் ஆகாது என்பதால் தலைகளைக் கூட்டிக்கொண்டே போய் 15-ல் நின்றிருக்கிறீர்கள். 15 பேருக்கு 4,500 வருகிறதே என்று மனம் ஆறுதலடைந்திருக்கும். கோளாறு அந்த 50 ரூபாயில் இருக்கிறது. அம்மா ஒன்றரை ஷிப்ட் முடித்துவிட்டு வரும்வரை, அதாவது காலை எட்டரையிலிருந்து இரவு எட்டரைவரை, குழந்தை உங்களிடம் இருக்கிறது. மணிக்கு ஐந்து ரூபாய்கூட உங்களுக்குக் கிடைக்கவில்லை. கட்டணத்தைச் சரியாக வைத்தால் 15 தேவைப்படாது. பணக் கணக்குக்குக் கடைசியில் வருகிறேன்.

காலை பதினொரு மணியை மனதில் ஓட்டிப் பாருங்கள். இரண்டு வயதுக் குழந்தை ஒன்று வயிற்றுப்போக்கோடு நிற்கிறது. அதைக் கழுவிவிடப் பாத்ரூமுக்குக் கூட்டிப்போகிறீர்கள். எட்டு மாதக் குழந்தை பசித்து அழுகிறது. மூன்று வயதுப் பையன் நாற்காலியை இழுத்துப் போட்டு ஜன்னலில் ஏறுகிறான். நான்காவது குழந்தை சத்தமே இல்லாமல் இருக்கிறது, அது எங்கே என்று முதலில் பார்க்க வேண்டும். நான்கு பேருக்கே இப்படி. 15 பேர் இருந்தால் அவர்களை அறையில் வைத்துப் பூட்டுவதையும் டிவியை ஓடவிடுவதையும் தவிர ஒரு பெண்ணால் வேறு எதுவும் செய்ய முடியாது. அப்படி நடக்கும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். நடத்துகிறவர்கள் கெட்டவர்கள் அல்லர். கைக்கு மீறி ஏற்றுக்கொண்டவர்கள்.

நான்கு பேரிலும் ஒரு வயதுக்குக் கீழே ஒரே ஒரு குழந்தை இருக்கட்டும். மாமியாரை இந்தக் கணக்கில் இன்னொரு ஆளாகச் சேர்க்காதீர்கள். அவர் கூட இருப்பது பெரிய பலம். நீங்கள் பாத்ரூமுக்குப் போகும் இரண்டு நிமிடம் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வார். ஓடுகிற குழந்தையை எட்டிப் பிடிக்க வேண்டிய நேரத்தில் அவரை நம்பி விட்டுவிட்டுப் போகக் கூடாது. ஆறு மாதம் தடுமாற்றம் இல்லாமல் போனால், சம்பளத்துக்கு ஒரு பெண்ணை வைத்துக்கொண்டு ஏழு எட்டுவரை போகலாம். அந்த வீட்டுக்கு அதுவே மேல்வரம்பு. நடுவில் ஏதாவது ஒரு கம்பெனி சூப்பர்வைசர் வந்து, எங்கள் ஆட்களின் குழந்தைகள் பத்துப் பேரை மொத்தமாக அனுப்புகிறோம் என்பார். ஆசையாக இருக்கும், ஒப்புக்கொள்ளாதீர்கள். 50 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனங்கள் காப்பக வசதி செய்து தர வேண்டும் என்பது 2017-ல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தியபோது வந்த விதி. அம்மா ஒரு நாளில் நான்கு முறை போய்க் குழந்தையைப் பார்த்து வரலாம் என்றும் அதில் இருக்கிறது. பெரிய கம்பெனியில் வேலை பார்க்கும் பெண் உங்களிடம் குழந்தையைக் கொண்டுவந்தால் இதையும் அவரிடம் சொல்லுங்கள். உங்களுக்கு ஒரு வாடிக்கை குறையலாம். ஆனால் கைக்குழந்தைக்கு அம்மா பக்கத்திலேயே இருப்பதுதான் நல்லது.

இனி லைசென்ஸ். ‘ப்ளே ஸ்கூல்’ போர்டு யோசனையைத் தம்பியிடம் அன்பாக மறுத்துவிடுங்கள். மழலையர் விளையாட்டுப் பள்ளிகளுக்கென்று தமிழக அரசு 2015-ல் தனி விதிமுறைகளைக் கொண்டுவந்தது. பள்ளி என்று பெயர் வைத்த மறுகணம் கல்வித் துறையின் அங்கீகாரம், கட்டட உறுதிச் சான்று, சுகாதாரச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். லைன் வீட்டில் அவற்றை வாங்க வழியில்லை. நீங்கள் நடத்தப்போவது பகல் நேரக் குழந்தைப் பராமரிப்பு. பெற்றோரிடமும் அதையே சொல்லுங்கள். ஏ பி சி டி சொல்லித் தருவேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள்.

இன்னொரு கோட்டையும் தாண்டாதீர்கள். ஷிப்மென்ட் நெருக்கடியில் விடிய விடிய வேலை இருக்கிறது, இன்று ஒரு ராத்திரி படுக்க வைத்துக்கொள்ளுங்கள் அக்கா என்று யாராவது கேட்பார்கள். இரவு தங்க வைக்கத் தொடங்கினால் அது விடுதி, இல்லம் என்ற கணக்கில் போய்விடும். தமிழ்நாட்டில் பெண்கள், குழந்தைகள் விடுதிகளுக்கும் இல்லங்களுக்கும் 2014-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, பதிவு கட்டாயம். ஒரு நாள்தானே என்று தொடங்கியது பழக்கமாகிவிடும்.

நான்கு குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்வதானாலும் அரசுக்குத் தெரியாமல் நடத்த வேண்டாம். கலெக்டர் அலுவலக வளாகத்தில் மாவட்டச் சமூக நல அலுவலகத்தையும் குழந்தைகள் பாதுகாப்பு அலகையும் விசாரித்துக்கொண்டு போங்கள். “என் வீட்டில் இத்தனை குழந்தைகளை, இந்த நேரத்திலிருந்து இந்த நேரம்வரை பார்த்துக்கொள்ள விரும்புகிறேன். நான் எங்கே, எப்படிப் பதிவு செய்ய வேண்டும்?” என்று ஒரே பக்கத்தில் மனு எழுதிக் கொடுங்கள். நகலில் முத்திரையும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மாநகராட்சி மண்டல அலுவலகத்திலும் இதே மனு போகட்டும். வீட்டு மின் இணைப்பில் இதை நடத்தலாமா என்பதை மின்வாரிய அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். பிறகு சோதனைக்கு வந்து அபராதம் போட்டால் மொத்த லாபமும் அதற்கே போய்விடும். சிறுதொழில் என்ற முறையில் உத்யம் பதிவும் செய்துகொள்ளலாம். அது இலவசம், ஆதார், பான் எண்களை வைத்து ஆன்லைனிலேயே முடிந்துவிடும். பணம் கேட்கிறவர் புரோக்கர். வங்கிக் கடனுக்கு அந்தச் சான்றிதழ் உதவும். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள அது அனுமதி ஆகாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

இதற்கெல்லாம் முன்பாக வீட்டுக்காரரிடம் பேசுங்கள், வாய்வார்த்தையாக விடாமல் எழுதி வாங்குங்கள். லைன் வீட்டில் சத்தத்துக்கும், பொதுக் கழிப்பறைக்கும், காயப்போட்ட துணிக்கும் சண்டை வரும். பக்கத்து வீட்டில் இரவு ஷிப்ட் முடித்துவிட்டுப் பகலில் தூங்குகிறவர் இருந்தால் அவரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

அடுத்தது வீடு. ஒரு நாள் குழந்தைகள் வருவதற்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, குழந்தையின் கண் உயரத்திலிருந்து சுற்றிலும் பாருங்கள். நின்றுகொண்டு பார்க்கும்போது தெரியாதது அப்போது தெரியும். உங்கள் ஊரில் குழாயில் தண்ணீர் பல நாட்களுக்கு ஒரு முறைதான் வருகிறது. அதனால் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நீல டிரம், அதன் பக்கத்தில் குடங்கள், பாத்ரூமில் நிரம்பிய பக்கெட். எனக்கு மற்ற எல்லாவற்றையும்விடப் பயம் தருவது இந்தப் பக்கெட்தான். நடை பழகும் குழந்தைக்கு உடம்பின் அளவுக்குத் தலை கனம் அதிகம். எட்டிப் பார்க்கும்போது தலை உள்ளே போய்விட்டால் தானாக எழ முடியாது. நான்கு விரற்கடை தண்ணீர் போதும். சத்தமும் வராது. டிரம்களுக்கு இறுக்கமான மூடி போட்டுக் கயிற்றால் கட்டுங்கள். பக்கெட்டில் தண்ணீர் மிச்சம் வைக்காதீர்கள். பாத்ரூம் கதவுக்கு வெளிப்பக்கம், உங்கள் தோள் உயரத்தில், ஒரு தாழ்ப்பாள் வையுங்கள். வீட்டில் தரைத்தொட்டி இருந்தால் அதன் மூடிக்குப் பூட்டு வேண்டும். டிரம்மை வாரம் ஒரு முறை காலி செய்து உட்புறம் தேய்த்துக் கழுவுங்கள். டெங்கு கொசு அந்த நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், பகலில்தான் கடிக்கும், அந்த நேரத்தில் குழந்தைகள் உங்கள் வீட்டில் இருக்கிறார்கள்.

சமையலறை வாசலுக்கு முழங்கால் உயரத்துக்கு மேல் ஒரு தடுப்புப் பலகை அடித்துவிடுங்கள். கொதிக்கும் குழம்பும் சாதம் வடிக்கும் கஞ்சியும் குழந்தைகள் வருவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். தரை மட்டத்தில் இருக்கும் பிளக் பாயின்ட்டுகளை மூடுங்கள். மண்ணெண்ணெய், பினாயில், எலி மருந்து, மாமியாரின் மாத்திரைகள் எல்லாம் பரண்மேல் போகட்டும். குளிர்பான பாட்டிலில் பினாயில் ஊற்றி வைக்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள்.

உங்கள் ஊருக்கே உரிய இன்னொரு விஷயம். பகலில் குழந்தைகள் தூங்கும் நேரத்தில் தைத்த பனியன்களில் நூல் பிசிறு வெட்டலாமே, பீஸுக்கு இவ்வளவு கிடைக்குமே என்று தோன்றும். பக்கத்து வீட்டில் மூட்டை வந்து இறங்கும்போது கை பரபரக்கும். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் நேரத்தில் பீஸ் வேலை வேண்டாம். பிசிறு வெட்டும் சின்னக் கத்தரி, விழுந்து கிடக்கும் பட்டன், எலாஸ்டிக் துண்டு எல்லாமே வாய்க்குப் போகும். அதைவிட முக்கியம், கண் பீஸில் இருக்கும்போது குழந்தைமேல் இருக்காது. கணவர் வீட்டில் மெஷின் வைத்திருந்தால், அந்த அறை பகலில் பூட்டியே இருக்கட்டும்.

பொருள் தொண்டையில் சிக்கினால் என்ன செய்வது என்பதைக் கற்றுக்கொள்ளாமல் புதிய குழந்தையைச் சேர்க்காதீர்கள். ஒரு வயதுக்குக் கீழே இருந்தால் குழந்தையை முன்கையில் குப்புறப் படுக்கவைத்து, தலை தாழ்ந்திருக்கும்படி பிடித்து, இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து தட்டு; பிறகு மல்லாக்கத் திருப்பி, மார்பின் நடுவில் ஒரு கையின் உள்ளங்கை அடிப்பகுதியால் ஐந்து அழுத்து. பொருள் வெளியே வரும்வரை மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். கூடவே மற்றவர் 108-ஐ அழைக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பொருளை எடுக்க வாயில் விரலை விட்டுத் துழாவினால் அது இன்னும் உள்ளே போய்விடும். ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கு முறை வேறு. படித்து மட்டும் இது கைவராது. முதலுதவிப் பயிற்சி வகுப்பில் பொம்மையை வைத்துச் செய்து பாருங்கள், மாமியாரையும் அழைத்துப் போங்கள். முழு நிலக்கடலை, முழுத் திராட்சை, பொட்டுக்கடலை, புளியங்கொட்டை ஆகியவை உங்கள் வீட்டுக்குள் வரவே கூடாது.

தூளியைப் பற்றிக் கட்டாயம் கேட்பீர்கள். நம் வீடுகளில் தூளி இல்லாமல் குழந்தை தூங்காது. ஆனால் அடுத்தவர் குழந்தைக்குப் பாயே நல்லது என்பது என் கருத்து. தூளியில் சேலை குழிந்து, சின்னக் குழந்தையின் தாடை மார்பில் இடித்து மூச்சு முட்டலாம். மூன்று வயதுப் பிள்ளை வந்து வேகமாக ஆட்டிவிடலாம், சேலையைக் கழுத்தில் சுற்றிக்கொள்ளலாம். உறுதியான விரிப்பில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். கைக்குழந்தைக்குத் தலையணை, கனத்த போர்வை எதுவும் வேண்டாம். தூங்கும் குழந்தையின் முகம் எப்போதும் உங்கள் கண்ணில் பட வேண்டும்.

மாமியாரிடம் பக்குவமாகப் பேச வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. அவர் தன் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் வசம்பு இழைத்துக் கொடுத்திருப்பார், உரை மருந்து ஊற்றியிருப்பார், வயிறு உப்பினால் கிரைப் வாட்டர் கொடுத்திருப்பார். அவற்றில் எதுவும் ஊரார் குழந்தையின் வாய்க்குப் போகக் கூடாது. ஒரு வயதுக்குள் தேனும் கூடாது, ஆசைக்கு நாக்கில் தடவுவதும் கூடாது. தூங்குவதற்காக இருமல் மருந்து கொடுப்பது குழந்தைக்குச் செய்யும் துரோகம், அதை எழுதவே கை கூசுகிறது. ஆனால் அப்படிச் செய்யும் இடங்கள் இருப்பதால் எழுதுகிறேன். டாக்டர் எழுதிய மருந்து என்றாலும், சீட்டின் நகலும் அம்மா கைப்பட எழுதிய அளவும் நேரமும் இல்லாமல் கொடுக்காதீர்கள். திருஷ்டி கழிக்கட்டும், தாலாட்டுப் பாடட்டும், கதை சொல்லட்டும். உங்கள் மாமியார் அளவுக்கு அதற்கு ஏற்ற ஆள் கிடைக்க மாட்டார்.

காய்ச்சலோடு குழந்தை வரும் காலை கட்டாயம் வரும். அம்மா வேலைக்குப் போகவில்லை என்றால் அன்றைய சம்பளம் இல்லை. அதனால் விடியற்காலையில் பாராசிட்டமால் கொடுத்து, உடம்பு குளிர்ந்த நேரத்தில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போய்விடுவார். பதினோரு மணிக்கு உடம்பு அனலாகக் கொதிக்கும். அவர்மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. அவருடைய நிலைமை அது. ஆனால் உங்களிடம் இன்னும் மூன்று குழந்தைகள் இருக்கிறார்கள். சேரும் நாளிலேயே சொல்லிவிடுங்கள்: காய்ச்சல் இருந்தால் வரக் கூடாது, மருந்து இல்லாமல் 24 மணி நேரம் காய்ச்சல் அடிக்காமல் இருந்தால்தான் வரலாம். வாந்தி, பேதி நின்று ஒரு நாள் ஆக வேண்டும். அம்மை போட்டிருந்தால் எல்லாக் கொப்புளங்களும் பக்கு கட்டும்வரை வேண்டாம். கை, பாதம், வாயில் கொப்புளம் வந்தால் அது எச்சிலாலும் மலத்தாலும் வீடு முழுக்கப் பரவும். பொம்மைகளைத் தினமும் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். குழந்தையைக் கழுவிவிட்ட கையோடு இன்னொரு குழந்தைக்குச் சோறு ஊட்டிவிடாதீர்கள். தடுப்பூசி அட்டையின் நகலை வாங்கிப் பார்த்து, ஏதாவது விட்டுப்போயிருந்தால் ஆரம்பச் சுகாதார நிலையத்துக்கு அனுப்பிவையுங்கள். பக்கத்து அங்கன்வாடிப் பணியாளரோடு பழக்கம் வைத்துக்கொள்வது மிகவும் நல்லது. அங்கே எடை போடுவார்கள், சத்துமாவு கிடைக்கும். இரண்டு மூன்று வயதுக் குழந்தைகள் காலை நேரத்தில் அங்கே போய்வரலாம். அங்கே கொண்டுபோய் விட்டு அழைத்துவருவது யார் பொறுப்பு என்பது மட்டும் எழுத்தில் இருக்க வேண்டும்.

சாப்பாடு அவரவர் வீட்டிலிருந்து வரட்டும். காலை ஐந்தரைக்கு ஆக்கிய சாதம் சித்திரை வெயிலில் மதியம் ஒரு மணிக்குள் புளித்துவிடும். சாதத்தையும் தயிரையும் தனித்தனியாகக் கொடுத்தனுப்பச் சொல்லுங்கள். தாய்ப்பால் எடுத்து வைத்துவிட்டுப் போகிறவர் இருந்தால் வந்தவுடன் ஃப்ரிட்ஜில் வையுங்கள். வெளியே நான்கு மணி நேரம் தாங்கும் என்பது 25 டிகிரிக்கு உட்பட்ட அறைக்குச் சொன்னது, தகரக் கூரை வீட்டுக்குப் பொருந்தாது. குழந்தை குடித்து மீதி வைத்த பாலை மறுபடி எடுத்து வைக்க வேண்டாம்.

இப்போது சங்கடமான பேச்சு. உங்கள் வீட்டில் கணவர் இருக்கிறார், வளர்கிற மகன் இருக்கிறான், உறவினர்கள் வருவார்கள், வாடகை வாங்க வீட்டுக்காரர் வருவார். எவர்மீதும் சந்தேகப்பட்டு இதைச் சொல்லவில்லை. எவர் மீதும் சந்தேகமே எழாதபடி ஒரு வழக்கம் வேண்டும். குழந்தைக்கு உடை மாற்றுவதும் கழுவிவிடுவதும் நீங்கள் மட்டுமே. கதவு திறந்திருக்க வேண்டும். எந்த ஆணும், உங்கள் மகன் உட்பட, குழந்தையோடு தனியாக ஓர் அறையில் இருக்கக் கூடாது. விருந்தாளி வந்தால் வாசலோடு பேசி அனுப்புங்கள். மகனிடம் இதை எரிச்சலில்லாமல், காரணம் சொல்லிப் பேசுங்கள். எட்டாவது படிக்கும் பிள்ளைக்குப் புரியும். ஒரு குழந்தையின் உடம்பிலோ பேச்சிலோ தப்பாக ஏதோ நடந்திருப்பதற்கான அறிகுறி தெரிந்தால், அது உங்கள் வீட்டில் நடந்தாலும் அந்தக் குழந்தையின் வீட்டில் நடந்தாலும், குழந்தைகள் உதவி எண் 1098-க்கோ போலீசுக்கோ தெரிவித்தே ஆக வேண்டும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி தெரிந்தும் சொல்லாமல் இருப்பதே குற்றம். குழந்தையை அடிக்கக் கூடாது. அம்மாவே, “நாலு போடு போடுங்க அக்கா, அப்பத்தான் கேப்பான்” என்று அனுமதி கொடுத்தாலும் கூடாது. பொறுப்பில் இருப்பவர் குழந்தையைக் கொடுமைப்படுத்தினால் 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தில் சிறைத் தண்டனை உண்டு.

குழந்தையை யாரிடம் அனுப்புவது என்பதில் இளகிவிடாதீர்கள். அம்மா, அப்பா, இன்னும் ஒருவர் என்று மூன்று பேரின் போட்டோவை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நான்காவது ஆள் வந்தால் அம்மாவிடம் போனில் பேசாமல் அனுப்ப வேண்டாம். சனிக்கிழமை சம்பள நாள். அன்று சாயங்காலம் அப்பா குடித்துவிட்டு வண்டியில் வந்து பிள்ளையைக் கேட்டால் என்ன செய்வது என்று இப்போதே முடிவு செய்யுங்கள். வாக்குவாதம் செய்யாமல், “பாப்பா தூங்குது, அம்மா வந்து தூக்கிக்கிறேன்னு சொன்னாங்க” என்று சொல்லி அம்மாவுக்குப் போன் போடுங்கள். சத்தம் போட்டால் அக்கம்பக்கத்தைக் கூப்பிடுங்கள். இந்த விதியையும் சேரும் நாளிலேயே இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சொல்லிவிட்டால், அன்றைக்கு நீங்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

ஒரு நோட்டு வாங்குங்கள். மாமியாரின் கேள்விக்குப் பதில் அதில்தான் சேரும். ஒரு நாள் பக்கம் இப்படி இருக்கும்: “8.20 அம்மா விட்டார். இடது முழங்கையில் பழைய சிராய்ப்பு, அம்மாவிடம் காட்டியாயிற்று. 10.00 இட்லி ஒன்றரை. 11.15 மலம், சாதாரணம். 12.40 முதல் 2.10 வரை தூக்கம். 4.00 வாசற்படியில் தடுக்கி விழுந்தான், நெற்றியில் வீக்கம், ஐஸ் வைத்தேன், 4.05-க்கு அம்மாவுக்குப் போன். 8.40 அம்மா அழைத்துப் போனார்.” காலையில் வரும்போதே இருக்கும் காயத்தை அம்மாவின் கண் முன்னாலேயே எழுதுங்கள். உங்கள் வீட்டில் பட்ட அடியை ஒருபோதும் மறைக்காதீர்கள். ஒன்றை மறைத்து அது வெளியே வந்துவிட்டால், அடுத்து நீங்கள் சொல்லும் உண்மையையும் யாரும் நம்ப மாட்டார்கள். தலையில் அடிபட்டு வாந்தி எடுத்தாலோ, மயக்கமாக இருந்தாலோ, அம்மா வரும்வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த குடும்பங்களின் குழந்தைகளும் உங்களிடம் வருவார்கள். தேனி, மதுரைப் பக்கத்திலிருந்து வந்தவர்களைப் போலவே அவர்களுக்கும் இங்கே பாட்டி கிடையாது. தண்ணீர், பசி, வலி, வெளிக்குப் போக வேண்டும், அம்மா வருவாள் என்ற அளவுக்காவது அவர்கள் பேச்சில் சில வார்த்தைகளைக் கற்றுக்கொள்ளுங்கள். அழுகிற குழந்தைக்கு அதன் மொழியில் “அம்மா வந்துவிடுவாள்” என்று சொன்னால் அழுகை குறையும். தமிழ் படிக்கத் தெரியாத பெற்றோருக்கு உங்கள் விதிகளை, தெரிந்த ஒருவரைக் கொண்டு அவர்கள் மொழியில் பேசவைத்து வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்புங்கள்.

கட்டணத்துக்கு வருகிறேன். உங்கள் பகுதியில் விசாரித்துக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். ஓர் உதாரணத்துக்கு, ஒரு ஷிப்ட் குழந்தைக்கு வாரம் 600, ஒன்றரை ஷிப்ட் என்றால் 850 என்று வைப்போம். ஒரு ஷிப்டுக்கு இரண்டு, ஒன்றரைக்கு இரண்டு என்று நான்கு பேர் இருந்தால் வாரம் 2,900. சோப்பு, பினாயில், கேஸ், சாயங்காலத் தின்பண்டம், பால் என்று 500 போனால் 2,400 நிற்கும். செக்கிங்கில் இடுப்பு ஒடிய வாங்கிய வாரச் சம்பளத்தோடு வைத்துப் பாருங்கள். பஸ் செலவு இல்லை, உங்கள் பிள்ளைகள் பள்ளி விட்டு வரும்போது நீங்கள் வீட்டில் இருக்கிறீர்கள். சனிக்கிழமை சம்பளம் வாங்கியவுடன் அடுத்த வாரத்துக்கான பணத்தை வாங்கிவிடுங்கள். பாக்கி வைத்தால் வராது. ஆர்டர் இல்லாத மாதத்தில் இரண்டு குழந்தைகள் நின்றுவிடும். தீபாவளிக்கு ஊரே காலியாகும், அந்த வாரம் வருமானம் இருக்காது. அதற்காக வாரம் 200 ரூபாயைத் தனியாக எடுத்து வையுங்கள்.

ஒன்றரை ஷிப்ட் குழந்தைகள் இரண்டுக்கு மேல் வேண்டாம் என்பதற்கு வேறு காரணமும் இருக்கிறது. ஆறு மணிக்குமேல் உங்கள் மகளுக்குப் பாடம் சொல்லித்தர வேண்டும், மகனைக் கவனிக்க வேண்டும். ஒன்பது மணிக்குக் கதவு அடைத்தாக வேண்டும். ஞாயிறு விடுமுறை, பேரம் கிடையாது. உங்களுக்கே காய்ச்சல் வந்தால் அன்று காப்பகம் இல்லை என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள். பெற்றோர் மாற்று ஏற்பாடு செய்ய முதல் நாள் இரவே செய்தி அனுப்புங்கள்.

புதிய குழந்தைகளைச் சேர்ப்பதற்கு முன்னால் இப்போது வரும் இரண்டு அம்மாக்களிடமிருந்து தொடங்குங்கள். அவர்கள் 50 ரூபாய்க்குப் பழகிவிட்டார்கள், உங்களோடு சிநேகமாகவும் இருக்கிறார்கள், அதனால் கேட்கக் கூச்சமாக இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு அழைத்து, டீ கொடுத்து, டிரம் மூடியையும் பாத்ரூம் தாழ்ப்பாளையும் நோட்டையும் காட்டுங்கள். பிறகு அடுத்த மாதம் முதல் இந்தக் கட்டணம் என்று சொல்லுங்கள். அவர்களில் ஒருவர் நின்றுவிடக்கூடும். அந்த இடத்துக்கு ஆள் வரும். கட்டணத்தை மட்டும் குறைக்காதீர்கள்.